தென்காசி சாலையில் ஒரு கடையும் ஒரு தடையும்

எங்கள் கடையில் பரிமாறும் வேலை பார்த்த தம்பி ஒருவருக்கு 2011-ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டதால், அவரைத் தென்காசியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மார்பில் குழாயை வைத்துப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீர்கள்?" என்பதுதான். அந்தத் தம்பி பீடியையோ சிகரெட்டையோ வாயில் வைத்தறியாதவர். அதை அப்படியே சொன்னார். "அப்படியானால் எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று மருத்துவர் அடுத்துக் கேட்டபோது, பதில் சொல்வதற்கு முன் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் சட்டைப் பையில் அப்போது ஒரு சிகரெட் பெட்டி இருந்தது.

ஆலங்குளத்துக்கும் தென்காசிக்கும் இடையில், சாலையோரத்தில் 2006-இல் நான் தொடங்கிய கடை அது. ஆறு மேசை, 24 இருக்கை. காலையில் இட்லி, நாள் முழுவதும் தேநீர், மாலை ஆறு மணிக்குமேல் பரோட்டா. லாரி ஓட்டுநர்களும் காற்றாலை வேலைக்கு வந்து போகிறவர்களும் சந்தைக்கு வருகிறவர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். தேநீரோடு ஒரு சிகரெட், பரோட்டா சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிகரெட் என்பது அங்கே எழுதப்படாத வழக்கம். நானே கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு ஏழெட்டு பிடிப்பேன். மருத்துவரிடமிருந்து திரும்பிய அன்று மாலை, கடைக்குள் எத்தனை பேர் பற்றவைக்கிறார்கள் என்று முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன். ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் 43 பேர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிகரெட் புகையோடு பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். அந்த 43 பேரின் புகையிலும் நின்று இலை போட்டவர், பீடி குடித்தே அறியாத அந்தத் தம்பி.

பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்ய வேண்டுமா என்று யார் கேட்டாலும், என் பதில் அந்த மாலையிலிருந்துதான் தொடங்குகிறது. பிடிக்காதவர் விலகிப் போகலாமே என்று சொல்கிறார்கள். சாப்பிட வந்தவர் விலகிப் போகலாம். அங்கே சம்பளத்துக்கு நிற்பவர் எங்கே விலகிப் போவார்? அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று மதுக்கூடங்கள் உட்பட எல்லா உள்ளரங்கப் பணியிடங்களிலும் புகைபிடிப்பதைத் தடை செய்தது. ஒரு நாடு முழுவதும் அவ்வாறு தடை வந்தது அதுவே முதல் முறை. அந்தச் சட்டம் மதுக்கூடத்தைக் குடிக்க வருகிறவர்களின் இடமாகப் பார்க்காமல், அங்கே ஊற்றிக் கொடுப்பவர் வேலை செய்யும் இடமாகப் பார்த்தது என்று பிற்பாடு படித்தபோது, என் கடையின் கணக்கும் அதுதானே என்று தோன்றியது.

இப்படி ஒரு தடை நடைமுறைக்கு வரக்கூடியது என்பதை நான் அதற்கு முன்பே கண்ணால் கண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, செங்கோட்டையிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலேறிக் கொல்லத்துக்குப் போய், அங்கே ஓர் ஓட்டலில் மேசை துடைக்கும் வேலையில் இருந்த காலம் அது. 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. பிறர் உடல்நலத்துக்குக் கேடாகக் காற்றைக் கெடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவின்படி ஏற்கெனவே குற்றம் என்றும், புகைக்காதவரைப் புகையை உள்ளிழுக்க வைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்கு எதிரானது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அதற்கடுத்த நாட்களில் பேருந்து நிலையத்தில் காவலர் தலையைக் கண்டதும் பீடியைக் காலடியில் போட்டு மிதித்தவர்களைப் பார்த்தேன். எங்கள் முதலாளியும் மேசைகளில் இருந்த சாம்பல் கிண்ணங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மேசை துடைக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிறகு சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்து ஆகிய இடங்களில் நாடு முழுவதும் புகைபிடிப்பதைத் தடுக்க உத்தரவிட்டது. 2003-இல் நாடாளுமன்றம் இயற்றிய புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் நான்காம் பிரிவு, உணவகங்களையும் சேர்த்து எல்லாப் பொது இடங்களுக்கும் அந்தத் தடையை விரித்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள்தான் என்னைப் போன்ற கடைக்காரர்களை நேரடியாகக் கட்டுப்படுத்துபவை. நுழைவாயிலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் அறிவிப்புப் பலகை வேண்டும்; சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்ற எதுவும் உள்ளே தரக்கூடாது; புகார் சொல்ல வேண்டியவரின் பெயர் பலகையில் இருக்க வேண்டும்; புகார் வந்த பிறகும் உரிமையாளர் கண்டுகொள்ளாமல் இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை குற்றத்துக்கான அபராதம் அவர்மேல் விழும். நானும் பலகை எழுதி மாட்டினேன். மாட்டிய சில மாதங்களில் அதன்மேல் ஒரு நாட்காட்டி தொங்கியது. மூன்று ஆண்டு அப்படியே தொங்கியது. அந்தத் தம்பியின் மூச்சிரைப்புக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

ஒரு மூலையை மட்டும் புகைப்பவர்களுக்கு ஒதுக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விமான நிலையங்களிலும், 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளிலும், 30 பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகங்களிலும் மட்டுமே தனி இடத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. 24 இருக்கை உள்ள என் கடைக்கு அது கிடையாது. இருந்தாலும் பயன் இருந்திருக்காது என்பது பிறகு புரிந்தது. இழுத்து விடும் புகையைவிட, இழுப்புக்கு நடுவே நுனியிலிருந்து சும்மா எழும் புகைதான் அறையில் அதிகமாகச் சேர்கிறது. அது பஞ்சு வழியாக வடிகட்டப்படுவதும் இல்லை. சிகரெட் புகையில் 7000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. மின்விசிறி போட்டால் அந்தப் புகை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும், அவ்வளவுதான். பரோட்டாக் கல்லின் புகையைவிடவா இது பெரிது என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் அதே மாதத்தில் அடுப்புக்கு மேலே தகரப் புகைக்கூண்டு வைத்துக் கூரைக்கு வெளியே ஏற்றிவிட்டேன்.

கடைக்குள் புகைபிடிப்பதை நிறுத்தத் தொடங்கிய முதல் வாரத்தில் நான் செய்த தவறுகளைத்தான் இதே முயற்சியில் இறங்குகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். கல்லாவிலிருந்தபடியே, "இங்கே சிகரெட் பிடிக்கக் கூடாது!" என்று கடை முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுத்தேன். உறவினர் நான்கைந்து பேரோடு வந்திருந்த ஒரு பெரியவர், பற்றவைத்த சிகரெட்டோடு எழுந்து, பாதிச் சாப்பாட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தவறு அவருடையதே என்றாலும், நாலு பேர் முன்னால் தாழ்த்தப்பட்ட மனிதர் எந்த விதியையும் ஏற்கமாட்டார். அதன்பிறகு நான் கற்றுக்கொண்டது, கை சட்டைப் பைக்குப் போகும்போதே பக்கத்தில் போய் நிற்பது. பற்றவைத்த பின் அணைக்கச் சொன்னால் காசு கொடுத்து வாங்கிய பொருள் வீணாகும் கோபமும் சேர்ந்துகொள்கிறது; பற்றவைக்கும் முன் சொன்னால் அந்தக் கோபம் இல்லை. "அண்ணாச்சி, பின்னால் வேப்பமரத்தடியில் பெஞ்சு கிடக்கிறது, தேநீரை அங்கேயே கொண்டுவரச் சொல்கிறேன்" என்று தணிந்த குரலில் சொன்னால், பத்தில் ஒன்பது பேர் மறுபேச்சில்லாமல் எழுந்து போனார்கள். இதைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். வேலைக்கு நிற்கும் இளைஞரைச் சொல்ல வைத்தால், அவர் வாங்கும் ஏச்சுக்கும் நாமே பொறுப்பு.

அந்தப் பெஞ்சையும் முதலில் தவறான இடத்தில்தான் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே போட்டதால், மேல்காற்று அடிக்கும் ஆனி ஆடி மாதங்களில் புகை முழுவதும் உள்ளேயே வந்தது. குற்றாலத்தில் சாரல் விழும் அந்த மாதங்களில் எங்கள் பக்கம் காற்று எப்படி வீசும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு எனக்குச் சொந்தமான பின்புற நிலத்தில், கடைச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி, காற்று போகும் திசையில் பெஞ்சை மாற்றினேன். கல்லாவில் தீப்பெட்டி வைப்பதையும் தண்ணீர் டம்ளரில் சாம்பல் தட்டுவதைப் பொறுத்துக்கொள்வதையும் நிறுத்தினேன். சாம்பல் தட்ட ஓர் இடம் கண்ணில் பட்டால் போதும், இங்கே பிடிக்கலாம் என்றுதான் மனிதர் அதைப் படிக்கிறார், பலகையைப் படிப்பதில்லை. பலகையைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஒன்றை வாசலிலும் இன்னொன்றைக் கை கழுவும் தொட்டிக்கு மேலேயும் மாட்டினேன். சாப்பிட்டுக் கை கழுவியவுடன்தானே கை சட்டைப் பைக்குப் போகிறது? புகார் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதினேன். பெயர் எழுதிய பிறகு என்னாலேயே அந்தப் பலகையை மறந்து உட்கார முடியவில்லை.

இவ்வளவும் சரியாக நடந்துகொண்டிருந்தபோது, இரண்டாவது மாதத்தில் நானே அதைக் கெடுத்தேன். வட்டாரத்தில் செல்வாக்குள்ள ஒருவர் நாலைந்து ஆட்களோடு வந்து உட்கார்ந்து, கடைக்கு நடுவில் பற்றவைத்தார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். பரிமாறும் தம்பி அன்றும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நாளே, "நேற்று அவர் பிடித்தாரே, அவருக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று மூன்று பேர் கேட்டார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரத்தில் கடை பழைய நிலைக்குத் திரும்பியது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பெரிய மனிதர் இரண்டாவது முறை வந்தபோது, அவர் உட்காரும் முன்பே வாசலுக்குப் போய், "உள்ளே ஒரு பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருக்கிறது, மரத்தடியில் நாற்காலி போட்டிருக்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அங்கே போய் உட்கார்ந்தார். சட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து நின்று வாதாடியிருப்பார் என்றே நினைக்கிறேன். யாருடைய மூச்சு கெடுகிறது என்று காட்டினால் ஏற்றுக்கொள்ளாதவர்கள் குறைவு.

எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது என் அம்மாவுக்குப் பதில் சொல்வதுதான். எங்கள் பகுதியில் பீடி சுற்றாத வீடுகளை எண்ணிவிடலாம். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் பீடி இலையையும் குஜராத், கர்நாடகப் பக்கங்களிலிருந்து வரும் புகையிலைத் தூளையும் பீடிக்கடையில் எடைபோட்டு வாங்கி வந்து, முந்தின இரவே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, மடியில் சுளகோடு உட்கார்ந்தால், வேகமான கைக்கு நாள் முடிவில் 1000 பீடி தேறும். 25 பீடிக்கு ஒரு கட்டு, நாற்பது கட்டு. அம்மா முப்பது ஆண்டுக்கு மேல் அப்படித்தான் உட்கார்ந்தார். என் பள்ளிப் படிப்புக்கு வந்த உதவித்தொகைகூட, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து வந்ததே. கடையில் நான் செய்வதைக் கேள்விப்பட்ட அம்மா ஒரு நாள் இரவு சோறு போட்டுக்கொண்டே, "நான் சுத்துன பீடியிலதானய்யா நீ படிச்ச? அதக் குடிக்கிறவன வெளிய போன்னு சொல்லுதியே?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. சில நாள் கழித்து, என் மகன் பிறந்தபோது அம்மா செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. அதுவரை நடுவீட்டில் உட்கார்ந்து சுற்றியவர், பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே, தூள் நெடி பிள்ளைக்கு ஆகாது என்று சுளகையும் தூளையும் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார். வெயில் காலத்திலும் உள்ளே வரவில்லை. அதை அவரிடம் சொன்னேன். "கடையில இருக்கிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளதாம்மா" என்றேன். அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அவர் கேட்டதில் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. கடைக்கு உள்ளே பிடிக்காமல் வெளியே போய்ப் பிடிப்பதால் நாளைக்கே பீடித் தொழில் நின்றுவிடாது. எனினும் தடைகள் சரியாக நடந்தால் காலப்போக்கில் புகைப்பவர்கள் குறைவார்கள், குறையவும் வேண்டும். அப்போது நெல்லை, தென்காசிப் பகுதிகளில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு, வீட்டைவிட்டு வெகுதூரம் போகாமல் செய்யக்கூடிய வேறு வேலையை அரசு இப்போதிருந்தே உருவாக்க வேண்டும். இதைச் சொல்லாமல் புகைத் தடையை மட்டும் பேசுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண்களின் பிழைப்பைக் காரணம் காட்டித் தடையே வேண்டாம் என்பவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டுக்குள்ளேயே புகையிலைத் தூளைச் சுவாசித்து முதலில் இருமுகிறவர்கள் அவர்கள்தானே?

வரும்படியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 என்றிருந்த தேநீர் விற்பனை முதல் இரண்டு மாதம் 300-க்குக் கீழே போனது. இரவுப் பரோட்டாவில் அவ்வளவு இறக்கம் இல்லை. ஐந்தாம் மாதம் வாக்கில் பெண்களும் குழந்தைகளும் இரவில் வரத் தொடங்கினார்கள். அதற்கு முன் அவர்கள் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வேனிலேயே உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கவனித்ததே இல்லை. ஓராண்டு முடிவில் பழைய கணக்கைத் தாண்டிவிட்டோம். பரிமாறும் தம்பிக்கு மூச்சிரைப்பு முழுதாக நீங்கவில்லை. ஆனால் மாதம் இரண்டு முறை மருத்துவரிடம் போனவர், மழைக்காலத்தில் மட்டும் போகிறவராக ஆனார். நானும் கல்லாவில் பிடிப்பதை முதல் நாளே விட்டேன்; மரத்தடிக்கு எழுந்து போக வேண்டியிருந்ததால் ஏழெட்டு என்பது மூன்றாகக் குறைந்தது; 2013-இல் முழுவதும் நிறுத்தினேன். பிடிக்க இடம் குறைந்தால் பிடிப்பதும் குறையும் என்பதற்கு என் உடம்பே சாட்சி. விட நினைத்து முடியாமல் தவிக்கும் வாடிக்கையாளர்களுக்கு, 1800-11-2356 என்ற இலவச அரசு ஆலோசனை எண்ணை இப்போது பலகைக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

கடைக்குள் முடிந்தது பேருந்து நிறுத்தத்தில் ஏன் முடியவில்லை என்பதுதான் இப்போது என் கவலை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தவெளியைப் பொது இடத்திலிருந்து விலக்கியிருந்தாலும், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்றவை திறந்தவெளி என்ற பெயரில் தப்ப முடியாது என்று 2008 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே சட்டத்தில் குறையில்லை. 200 ரூபாய் வரையிலான அபராதம் இன்றைக்குச் சிறிய தொகை என்பது உண்மைதான், ஆனால் அதுவும் முக்கியக் காரணம் என்று நான் கருதவில்லை. என் கடையில் நான் இருந்தேன்; நிறுத்தத்தில் அப்படி ஒருவரும் இல்லை. 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், உள்ளரங்கில் வேலை செய்யும் பெரியவர்களில் 30.2 விழுக்காட்டினர் பணியிடத்திலேயே பிறர் புகையை உள்ளிழுப்பதாகத் தெரியவந்தது. விதிகள் வந்து எட்டு ஆண்டு கழித்தும் இந்த நிலை என்றால், பலகை இருந்தும் பலகைக்குப் பொறுப்பானவர் இல்லாத இடங்கள் எத்தனை இருந்திருக்கும்?

பயணத்தில் இருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் பலித்த வழி, புகைப்பவரிடம் நேரடியாக மோதாமல் அந்த இடத்துக்குப் பொறுப்பானவரைத் தேடிப் போவதுதான். பேருந்தில் நடத்துநர், நிலையத்தில் நேரக் காப்பாளர், ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர் அல்லது 139 என்ற எண். ரயில்வே சட்டத்தின் 167-ஆம் பிரிவின்படி, பெட்டியில் சக பயணி ஒருவர் மறுப்புத் தெரிவித்தாலே அங்கே புகைபிடிக்கக் கூடாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தயங்காமல் பேசலாம். கையில் குழந்தையோடு தனியாக நிற்கும் பெண்ணைப் பார்த்தால், அவருக்காக நாம் போய்ச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிழற்குடையை ஒட்டி ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. அதன் கம்பத்தில் நுனி கனன்றபடி ஒரு கயிறு எப்போதும் தொங்கும். பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் தலைக்கு நேராகத்தான் அந்தக் கயிறு இருக்கிறது. சிகரெட் வாங்குகிறவர் அதில் பற்றவைத்துக்கொண்டு நிழற்குடைக்குள்ளேயே நிற்கிறார். உள்ளாட்சி அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தேன். முதல் மனுவில் புகையின் தீமைகளை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இரண்டாவதில் சட்டப் பிரிவுகளை வரிசையாக எழுதினேன். இரண்டுக்கும் ரசீது மட்டும் கிடைத்தது. மூன்றாவது மனுவை அந்த நிறுத்தத்தில் ஏறும் பதினொரு பெற்றோர்களின் கையெழுத்தோடு இப்போது எழுதியிருக்கிறேன். அதில் கேட்டிருப்பது இரண்டுதான்: அந்தக் கயிற்றை அவிழ்க்க வேண்டும், நிழற்குடையில் பலகை மாட்டி, புகார் சொல்ல வேண்டியவரின் பெயரையும் எண்ணையும் அதில் எழுத வேண்டும். வேறு யாரும் முன்வராவிட்டால் என் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்.